ஒல்லியான உடம்பில் இம்ப்ளான்ட் ரிவிஷன்: பெரிதாக்கவா, சிறிதாக்கவா, எடுத்தே விடவா?

கோவைக்கொடி:

வயது 36, உயரம் 5 அடி 4 அங்குலம், எடை 47 கிலோ. என்ன சாப்பிட்டாலும் ஏறாத உடம்பு, அம்மா வழியில் எல்லாருமே இப்படித்தான். 2015-இல் பெங்களூரில் ஒரு தனியார் கிளினிக்கில் மார்பக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். சிலிக்கான் ஜெல், வட்ட வடிவம், 350 சிசி, தசைக்கு மேலே. ஏன் வைத்தாய் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம், வைத்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, முதல் சில வருடங்கள் நன்றாகவே இருந்தது.

இப்போது என்னவென்றால், குனிந்தால் மேல்பக்கத் தோலில் வரிவரியாக மடிப்பு தெரிகிறது. அக்குள் ஓரத்தில் விரல் வைத்தால் இம்ப்ளான்டின் விளிம்பு அப்படியே தட்டுப்படுகிறது. இடது பக்கம் கெட்டியாகி, வலதைவிடக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. நானாகக் கண்ணாடியில் பார்த்து, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஜாக்கெட் தைக்கும் அக்கா அளவெடுக்கும்போது டேப்பை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் டாட் கொஞ்சம் மேலே பிடிக்கணும் போலிருக்கே" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது, அளவுதான் சொன்னது. வலி பெரிதாக இல்லை, குப்புறப் படுத்தால் மட்டும் இடது பக்கம் அழுத்தும்.

டாக்டர்களிடம் போனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வைத்த கிளினிக்கில் கேட்டதற்கு, பத்து வருடம் ஆகிவிட்டது, எப்படியும் மாற்றியே ஆக வேண்டும், 425 சிசி போட்டால் மடிப்பெல்லாம் நிரம்பிவிடும் என்றார்கள். கோவையில் பார்த்த டாக்டர் நேர் எதிர்: சிறிதாக்கு, தசைக்குக் கீழே கொண்டு போகலாம், தேவைப்பட்டால் தொடையிலிருந்து கொழுப்பு எடுத்து மேலே போடலாம் என்கிறார். (தொடையில் எங்கே இருக்கிறது கொழுப்பு, அதுவும் தெரியவில்லை.) வீட்டுக்காரர், எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்கிறார். எனக்கு எடுக்க மனசில்லை, அதே சமயம் இன்னும் பெரிதாக்கவும் ஆசையில்லை. என்னைப் போல ஒல்லியாக இருந்து ரிவிஷன், அதாவது வைத்ததை மறு அறுவையில் மாற்றுவது, செய்துகொண்டவர்கள் உண்மையில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஷாலு_தாம்பரம்:

கொடி, 425 யோசனையை முதலில் குப்பையில் போடுங்கள். உங்கள் பிரச்சினை இம்ப்ளான்ட் சிறியதாக இருப்பது இல்லை, அதை மூட உங்களிடம் சதை இல்லாதது. பெரிதாக வைத்தால் தோல் இன்னும் இழுபடும், உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்ச மார்புத் திசுவும் அழுத்தத்தில் மெலியும், முதல் சில மாதம் வீக்கத்தில் வழவழவென்று இருந்துவிட்டு அப்புறம் முன்னைவிட மோசமாக மடிப்பு வரும். எடையும் கணக்கில் சேர்த்தி, 425 சிசி என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 425 கிராம், 47 கிலோ உடம்பில் அதை அந்த மெல்லிய தோல்தான் தாங்க வேண்டும்.

நானும் உங்கள் உடல்வாகுதான், 45 கிலோ. 325 தசைக்கு மேலே இருந்ததை 240 ஆக்கி, மேல்பாதி தசைக்குக் கீழே, அடிப்பாதி தசை இல்லாமல் இருக்கும்படி மாற்றிக்கொண்டேன், இதை டூயல் பிளேன் என்பார்கள். என் டாக்டர் முதலில் செய்தது என்ன தெரியுமா, மார்பின் மேல்பக்கத் தோலையும் சதையையும் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து ஸ்கேலில் அளந்தார். அது 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தசைக்கு மேலே வைப்பது சரிவராது, விளிம்பு தெரியும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எனக்கு அதில் பாதிதான் வந்தது. அப்புறம் மார்பின் அகலத்தை அளந்தார். இதுதான் முக்கியம், சிசி எல்லாம் பிறகு. என் மார்பின் அகலம் 11 சென்டிமீட்டர், உள்ளே இருந்த இம்ப்ளான்ட் 12.5. அகலமானதை ஒடுக்கமான இடத்தில் வைத்தால் அக்குள் பக்கம் பிதுங்காமல் என்ன செய்யும்? உங்களுக்கும் அக்குள் ஓரத்தில் தட்டுப்படுவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், மேல்பக்க மடிப்பு போய்விட்டது, கழுத்து இறங்கிய சுடிதார் போடுகிறேன். ஆனால் வெளிப்பக்கத்தில், குனியும்போது, இன்னும் லேசாக இருக்கிறது. மார்புத் தசை அந்த ஓரம் வரைக்கும் வருவதில்லை, அதனால் அங்கே மூட எதுவும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், அதனால் எனக்கு ஏமாற்றம் இல்லை. இன்னொன்று, கையை அழுத்தி எழுந்தாலோ தண்டால் எடுத்தாலோ தசை இறுகி இரண்டும் மேலேயும் பக்கவாட்டிலும் நகரும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஜிம்முக்குப் போகிறவர் என்றால் இதை நன்றாக யோசியுங்கள். வலியும் முதல்முறையைவிட அதிகம், தசையைத் தூக்கி வைப்பதால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது, முதல் வாரம் படுக்கையிலிருந்து எழுப்பிவிட ஆள் வேண்டும்.

ஸ்கேன்ரூம்_ஆள்:

ரேடியாலஜி டெக்னீஷியன். எந்த டாக்டர் சொல்வது சரி என்று முடிவு செய்வதற்கு முன்னால் உள்ளே என்ன நிலைமை என்று பாருங்கள், நீங்கள் எழுதியதில் ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிலிக்கான் ஜெல் இம்ப்ளான்ட் கிழிந்தால் உப்புநீர் இம்ப்ளான்ட் மாதிரி வற்றிப் போகாது, ஜெல் அங்கேயே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் வைத்து 5 அல்லது 6 வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, அதற்குப் பிறகு 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்கிறது. உங்களுக்கு ஒரு பக்கம் கெட்டியாகி வேறு இருக்கிறது. முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐ. கிழிசல் மட்டும் பார்க்க என்றால் அந்த எம்ஆர்ஐக்கு மருந்து ஊசி தேவையில்லை.

மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க நேர்ந்தால் இயந்திரத்துக்கு முன்னால் போய் நிற்பதற்கு முன்பே இம்ப்ளான்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளிப் பிடித்துத் தனியாகச் சில படங்கள் எடுக்க வேண்டும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் நிற்பவர்கள் உண்டு, கடைசியில் படத்தில் எல்லாம் தெரிந்துவிடும், மறுபடி எடுக்க வேண்டியதாகிவிடும்.

பத்து வருடம் ஆனாலே மாற்ற வேண்டும் என்பது சரியில்லை. ஆயுள் முழுக்க வராது என்பது உண்மை, ஆனால் கிழியாமல், கெட்டியாகாமல், தொந்தரவு இல்லாமல் இருந்தால் தேதி பார்த்து எடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு மாற்றக் காரணம் இருக்கிறது, அது வேறு.

தஞ்சாவூரான்:

தப்பாக நினைக்க வேண்டாம், தெரியாமல்தான் கேட்கிறேன். ஐந்தாறு கிலோ எடை ஏற்றினால் மடிப்பு மூடிவிடாதா? கெட்டியான பக்கத்தை எண்ணெய் போட்டு நீவிவிட்டால் இளகாதா? என் மனைவிக்கும் இதே மாதிரி இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

கோவைக்கொடி:

ஷாலு, நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. கோவை டாக்டரிடம் மறுபடி போய் அளக்கச் சொன்னேன். கிள்ளி அளந்ததில் மேல்பக்கம் 1 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மார்பு அகலம் 11. பழைய அட்டையைத் தேடி எடுத்தேன், பாஸ்போர்ட் கவருக்குள் இருந்தது, இம்ப்ளான்ட் அகலம் 13 என்று போட்டிருக்கிறது. ஷாலு சொன்னது அப்படியே. அட்டையில் "டெக்ஸ்சர்டு" என்றும் இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று தேடப் போய் இரவெல்லாம் தூக்கம் போய்விட்டது, புற்றுநோய் என்றெல்லாம் வருகிறது. அல்ட்ராசவுண்டில் நீர் கோர்த்திருக்கவில்லை, இடது பக்க இம்ப்ளான்டின் ஓடு கிழிந்திருக்குமோ என்று சந்தேகம், எம்ஆர்ஐ எடுங்கள் என்று எழுதிவிட்டார்கள்.

யாராவது மருத்துவத் துறையில் இருந்தால் இந்த டெக்ஸ்சர்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்குங்கள். அதோடு, இன்ஸ்டாகிராமில் "கேப்சூலோடு (இம்ப்ளான்டைச் சுற்றி வளரும் உறை) முழுசாக எடுக்காவிட்டால் பிரயோஜனமில்லை" என்று ஒரு கூட்டமே சொல்கிறது. அது எனக்கும் பொருந்துமா?

ஓடி_சிஸ்டர்:

பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் பல வருடமாக இருக்கிறேன், டாக்டர் இல்லை, கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

முதலில் தஞ்சாவூர் சார், நீவவே வேண்டாம். கெட்டியாவது கொழுப்போ சளியோ இல்லை எண்ணெய் போட்டு இளக்க. எந்த அந்நியப் பொருளை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை போட்டுக்கொள்ளும், அதுதான் கேப்சூல், சிலருக்கு அது சுருங்கி இறுகும். பேக்கர் அளவுகோலில் நான்கு படி வைத்திருக்கிறார்கள்: 1 என்றால் மெதுவாக இயல்பாக இருக்கும், 2 தொட்டால் மட்டும் கொஞ்சம் கெட்டி, 3 பார்த்தாலே தெரியும், 4 வலியும் சேரும். கொடி சொல்வதைப் பார்த்தால் 3 பக்கம் போகிறது, டாக்டர் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் டாக்டர்களே கையால் அமுக்கி அந்த உறையை உடைத்தார்கள், உள்ளே இம்ப்ளான்டும் சேர்ந்து கிழிந்ததால் அதைக் கைவிட்டார்கள். எடை ஏற்றினால் கொஞ்சம் மூடும், ஆனால் ஏறுகிற எடை எங்கே போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை.

டெக்ஸ்சர்டு என்றால் மேல் ஓடு சொரசொரப்பாக இருப்பது. அந்த வகையோடு சேர்த்து ஒரு அரிய லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) பேசப்படுகிறது, இம்ப்ளான்டைச் சுற்றியிருக்கும் உறையில் வருவது, மார்பகப் புற்றுநோய் இல்லை. 2019 ஜூலையில் இம்ப்ளான்ட் தயாரிக்கும் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது இதனால்தான். அப்போதும்கூட, அறிகுறி இல்லாதவர்கள் பயத்தில் எடுக்கத் தேவையில்லை என்றுதான் எஃப்.டி.ஏ. சொன்னது. கவனிக்க வேண்டியது, வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்குவது, நீர் கோர்ப்பது, கட்டி. நீர் இருந்தால் ஊசியில் எடுத்து அதற்கென்று உள்ள சோதனைக்கு அனுப்புவார்கள், சிடி30 என்று கேளுங்கள். உங்களுக்கு நீர் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள், ஆனால் எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்பதால் அடுத்தது வழவழப்பு ஓடு உள்ளதாகக் கேளுங்கள், எடுக்கிற உறையில் ஒரு துண்டைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கேப்சூலை முழுசாக எடுப்பது. அந்த லிம்போமா என்று உறுதியானவர்களுக்கு அது கட்டாயம். மற்றவர்களுக்கு அப்படி இல்லை, அதுவும் ஒல்லியானவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பக்க உறை உங்கள் தோலோடு ஒட்டி இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தால் ஏற்கெனவே 1 சென்டிமீட்டர் இருக்கும் மூடாப்பு இன்னும் மெலியும், மெல்லிய வேட்டிக்குள் போட்ட கோடு போட்ட டிராயர் மாதிரி எல்லாம் வெளியே தெரியும். தசைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பின்பக்க உறை விலா எலும்பில் ஒட்டியிருக்கும், அதை உரிக்கப் போய் நுரையீரல் உறையில் ஓட்டை விழுந்த கேஸ்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. உங்களுக்கு இம்ப்ளான்ட் தசைக்கு மேலே என்பதால் பின்பக்கம் இருப்பது தசை, அந்த ஆபத்து குறைவு. எவ்வளவு எடுப்பது, எதை விடுவது என்பதை உள்ளே திறந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், முன்கூட்டியே "முழுசாக எடுத்துத் தருகிறேன்" என்று விளம்பரம் போல உறுதி சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஜெல் கசிந்திருந்தால் கதை வேறு, அதனால்தான் எம்ஆர்ஐ முதலில்.

தசைக்குக் கீழே இடம் மாற்றும்போது பழைய இம்ப்ளான்ட் இருந்த பையை அப்படியே விட்டுவிட்டால் புது இம்ப்ளான்ட் அதற்குள் நழுவி வரப் பார்க்கும், அதனால் அதைத் தைத்து மூட வேண்டும். இது முதல்முறை வைப்பதைப் போல ஒரு மணி நேர வேலை இல்லை. நீர் வடிய டிரெயின் குழாய் போட்டு அனுப்புவார்கள், ஆறு வாரமாவது கனமாகத் தூக்கக் கூடாது.

கொழுப்பு விஷயம். ஒல்லியானவர்களிடமும் இடுப்பு மடிப்பு, உள்தொடை, முழங்கால் உள்பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எடுக்கிறார்கள், விளிம்பை மறைக்க மட்டும் என்றால் அது போதும். போட்டதில் ஒரு பெரிய பங்கு கரைந்து போகும், இன்னொரு முறை போட வேண்டியதாகலாம். பின்னால் ஸ்கேனில் சிறு கட்டி போலத் தெரிந்து பயமுறுத்துவதும் உண்டு, அதனால் கொழுப்பு போட்ட விவரத்தை ரிப்போர்ட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதப்படுத்திய தோல் ஷீட், வலை என்றெல்லாம் உள்ளே வைத்துத் தாங்கல் கொடுக்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஒரு கணக்கையும் தெரிந்துகொண்டு போங்கள். அலர்கனின் 10 வருட ஆய்வில் முதல்முறை வைத்தவர்களில் சுமார் 36 சதவீதம் பேருக்கு அந்தக் காலத்துக்குள் மறு அறுவை நடந்திருக்கிறது, ரிவிஷனாக வைத்தவர்களில் சுமார் 46 சதவீதம். ரிவிஷன் செய்தால் அத்தோடு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பினாங்குமீனா:

நான் எடுத்துவிட்ட கட்சி. 49 கிலோ, 300 சிசி, இரண்டு பக்கமும் கெட்டியாகி, ஒருமுறை மாற்றியும் மறுபடி கெட்டியானது. அப்புறம் இனிமேல் ஆபரேஷன் டேபிளில் போய்ப் படுக்க மாட்டேன் என்று முடிவு செய்து எடுத்துவிட்டேன். முதல் சில வாரம் பார்க்கவே முடியவில்லை, தோல் சுருங்கித் தொங்கி, நடுவில் பள்ளமாக இருந்தது. மெல்ல மெல்லத் தோல் இழுத்துக்கொண்டது, முழுசாக இல்லை. தொங்கலைத் தூக்கித் தைக்கலாம் என்றார்கள், புதுத் தழும்பு வரும் என்பதால் வேண்டாம் என்றேன். இப்போது முன்பிருந்ததைவிடவும் தட்டை, உள்ளே அத்தனை வருடம் அழுத்தியதில் இருந்ததும் போய்விட்டது. எனக்கு அது பரவாயில்லை, பேடட் பிரா இருக்கிறது. ஆனால் கொடி, நீங்கள் "எடுக்க மனசில்லை" என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டீர்கள், வீட்டுக்காரருக்காக எடுக்க வேண்டாம். உடம்பு உங்களுடையது, கண்ணாடிக்கு முன்னால் நிற்பதும் நீங்கள்தான்.

தஞ்சாவூரான்:

நன்றி சிஸ்டர், நீவுவதை இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். இன்ஷூரன்ஸில் இதற்கு ஏதாவது கிடைக்குமா?

ஷாலு_தாம்பரம்:

எனக்குக் கிடைக்கவில்லை சார். அழகு சிகிச்சை எல்லா பாலிசியிலும் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பது மாதிரியானவற்றுக்கும் உடல்நலத்துக்கு அவசியம் என்று டாக்டர் சான்று தருவதற்கும்தான் விதிவிலக்கு. கிழிந்துவிட்டது என்று எம்ஆர்ஐயில் வந்தால் டாக்டரிடம் அவசியம் என்று எழுதி வாங்கிக் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதை நம்பிப் பணம் ஏற்பாடு செய்யாமல் இருந்துவிடாதீர்கள். அழகு சிகிச்சைக்கு ஜிஎஸ்டி வேறு உண்டு, எஸ்டிமேட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு டாக்டர் கருத்து வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி பிளாஸ்டிக் சர்ஜரி ஓபியை மறக்க வேண்டாம், சென்னை ஸ்டான்லியில் 2018-இல் மார்பக அழகு அறுவையையே இலவசமாகச் செய்யப் போகிறோம் என்று அறிவித்து வெளிநாட்டுப் பத்திரிகை வரைக்கும் போனது. எங்கே போனாலும் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள், போர்டில் வெறுமனே "காஸ்மெட்டிக் சர்ஜன்" என்று இருந்தால் கேள்வி கேளுங்கள்.

கோவைக்கொடி:

எம்ஆர்ஐ வந்துவிட்டது. இடது பக்கம் கிழிந்திருக்கிறது, ஆனால் ஜெல் உறைக்கு வெளியே போகவில்லை. வலது பக்கம் சரியாக இருக்கிறது, மடிப்பு மட்டும். இரண்டையும் சேர்த்தே செய்வதென்று முடிவு. கோவை டாக்டரிடமே போகிறேன், அவர்தான் "வெளிப்பக்க மடிப்பு முழுசாகப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்று நேராகச் சொன்னவர். பெங்களூர் கிளினிக்கிலிருந்து பழைய ஆபரேஷன் குறிப்பை ஈமெயிலில் வாங்கிவிட்டேன், கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது.

ஒரே ஒரு சந்தேகம். அவர் 230-இலிருந்து 250 வரை என்கிறார். 350-இலிருந்து இறங்கினால் எப்படித் தெரியும் என்பதை வீட்டில் சோதித்துப் பார்க்க வழி உண்டா? முதல்முறை அரிசியைச் சாக்ஸில் கட்டி பிராவுக்குள் வைத்துப் பார்த்தேன்.

ஓடி_சிஸ்டர்:

அரிசிப் பை கூட்டிப் பார்க்கத்தான் உதவும், உள்ளே இருப்பதைக் கழித்துப் பார்க்க முடியாது. இதற்குத் தியேட்டரில் சைசர் என்று தற்காலிக இம்ப்ளான்ட் வைத்திருப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே அதை உள்ளே வைத்து, டேபிளை நிமிர்த்தி உங்களை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அசல் டப்பாவைப் பிரிப்பார்கள். 220, 230, 250 மூன்றையும் வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள், வேண்டாததைப் பிரிக்காமல் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடலாம், அதற்குத் தனிப் பணம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் படிவத்தில் அதிகபட்சம் 250 என்று எழுதச் சொல்லுங்கள். புது அட்டை இரண்டு தருவார்களா என்று கேட்டு, ஒன்றைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், இன்னொன்றை போட்டோ எடுத்து போனில் வையுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள், மெல்லிய தோலில் தையல் ஆறாமல் போவதற்கு அது ஒன்று போதும்.